கெபிக்குக் கிழக்கே இரண்டு எழுபது

மரியசெல்விக்குத் தன் ஊரைப் பற்றிக் கொஞ்சம் திமிர் உண்டு. மரக்காணத்துக்காரர்கள் எல்லோருக்குமே அது உண்டுதான். உப்பு விளைகிற ஊரில் பிறந்துவிட்டால், ஊர் உலகமே நம் கையை எதிர்பார்த்துத்தான் சோற்றில் கை வைக்கிறது என்றொரு நினைப்பு வந்துவிடும். செல்விக்கு அந்தத் திமிர் மெட்ராஸுக்கு வேலைக்குப் போன பிறகு இரண்டு பங்காகிவிட்டது. கன்னியாஸ்திரிகள் நடத்திய ஹாஸ்டலில் குழம்பு வாயில் வைக்க முடியாமல் போகிற நாளெல்லாம், "எங்க ஊரு உப்பா இருந்தா இப்படி ஆவாது" என்று தட்டை நகர்த்திவிடுவாள். உப்பு என்ன பாவம் செய்தது, சமைத்தவளைச் சொல் என்று யாரும் அவளிடம் வாதாடி ஜெயித்ததில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. கம்ப்யூட்டர் என்ற சொல் காதில் விழுந்தவர்களே குறைவு. அப்போதே அவள் ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸில் பஞ்ச் ஆபரேட்டர். கம்ப்யூட்டரை அவள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. அது குளிர் அறையில் மகாராஜாவாட்டம் உட்கார்ந்திருந்தது. அதற்குத் தீனி போடுகிற வேலைதான் இந்தப் பெண்களுடையது. வெளி ஆபீஸ்களில் எழுதி அனுப்புகிற தாள்களைப் பார்த்து மிஷினில் தட்டினால் அட்டைகளில் சின்னச் சின்ன ஓட்டைகள் விழும். அந்த ஓட்டைகளைத்தான் மகாராஜா படிப்பார். ஒருத்தி அடித்த அட்டையை இன்னொருத்தி வெரிஃபையர் என்ற மிஷினில் வைத்து, அதே தாளைப் பார்த்து மறுபடி அடிப்பாள். இரண்டும் ஒத்துப்போனால் அட்டை உள்ளே போகும். ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு விளக்கு எரிந்து மிஷின் நின்றுவிடும்.

சூப்பர்வைசர் அம்மாளின் சட்டம் ஒன்றே ஒன்றுதான். தாளில் இருப்பதை அடி. தப்பென்று பட்டாலும் அப்படியே அடி. சந்தேகம் வந்தால் சந்தேகச் சீட்டு எழுதிக் கொடு, தாள் அனுப்பினவர்கள் பதில் சொல்லட்டும். "கண்ணு தாள்ல, விரலு மிஷின்ல, மூளை வூட்டுல" என்று பெண்கள் இதைக் கேலி செய்து சிரிப்பார்கள். செல்வியும் சிரிப்பாள். ஆனால் சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறவள் என்று பெயரெடுத்தவள். ஒரே ஒரு தடவைதான் மீறினாள்.

அன்றைக்கு வந்த கட்டின் மேல் தாளைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தலைப்பில் மரக்காணம் என்று எழுதியிருந்தது. உப்பங்கழியின் குறுக்கே கரை போடுவதற்கான ஆழ அளவு.

கழிக்கு இந்தப் பக்கம் செல்வியின் தெரு, அந்தப் பக்கம் உப்பளம். அளத்து வேலைக்குப் போகிறவர்கள் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு உவர்த்தண்ணீரில் இறங்கி நடந்துதான் போக வேண்டும். அவள் அம்மா ஜோசப்பினுக்கு முழங்காலுக்குக் கீழே ஆறாத உப்புப் புண். ஒரு மண்கரை போட்டுக் கொடுங்கள் என்று ஊர்க்காரர்கள் எழுதாத மனு இல்லை. கடைசியில் அரசாங்கத்துக்கு மனமிரங்கிவிட்டது. தோணியில் போய் வழிநெடுகக் கம்பை விட்டுத் தரையைத் தொட்டுப் பார்த்து, எங்கே எவ்வளவு ஆழம் என்று தாள்தாளாக எழுதியிருந்தார்கள். ஆழமான இடத்தில் கரைக்கு அடியில் பனங்கட்டை அடித்துக் கருங்கல் போட வேண்டும். முழங்கால் தண்ணீரென்றால் மண்ணைக் கொட்டினாலே போதும். எங்கே எது என்று கணக்குப் போட்டுச் சொல்வது கம்ப்யூட்டரின் பொறுப்பு.

அளவு மாதா கெபியில் தொடங்கி நேர் கிழக்கே போனது. கருங்கல்லைக் குகை மாதிரி அடுக்கி உள்ளே மாதா சுரூபம் வைத்த அந்தக் கெபிதான் கழிக்கரையின் அடையாளம். அங்கே சிலுவை போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கி, அப்பாவுக்குக் கஞ்சித் தூக்கைத் தலையில் வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் நடந்திருக்கிறாள்! 0.40, 0.38, 0.42 என்று மீட்டர் கணக்கில், முழங்காலும் அதற்குச் சற்றுக் கீழுமாக எண்கள் வந்தன. மெட்ராஸில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து அடிக்க அடிக்க, அவள் தன் ஊர்த் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தாள். அப்படி நடந்துகொண்டே வந்தவள் ஓர் எண்ணில் தடுக்கி நின்றாள். 2.70 என்று இருந்தது.

ஆள் மூழ்கிக் கையைத் தூக்கினாலும் விரல் தெரியாத ஆழம் அது. அவள் கஞ்சித் தூக்கோடு நடந்த அதே இடத்தில்!

"எந்த மடையனோ 0.27ஐ மாத்தி எழுதிட்டான்டீ" என்றாள், எதிரே வெரிஃபையரில் இருந்த ரங்கநாயகியிடம்.

"சந்தேகச் சீட்டு எழுதிடேன்" என்றாள் ரங்கநாயகி.

"சீட்டு போய்ப் பதில் வர்றதுக்குள்ள ஆடி வந்துடும். அப்புறம் மழை வந்துடும். கரை அடுத்த வருஷம்தான். எங்கம்மா கால் அதுக்குள்ள அழுகிப் போயிடும்."

"அதுக்காக?"

"எங்க ஊருடீ. நான் நடந்த தண்ணி. எனக்குத் தெரியாதா?"

ரங்கநாயகி மயிலாப்பூர்க்காரி. கழியைப் பார்த்ததில்லை. உப்பு மளிகைக் கடையில் விளைகிறது என்ற அளவில்தான் அவளுக்கு உலகம் தெரியும். ஊர்க்காரியே சொல்லும்போது அவள் யார் மறுக்க? செல்வி 0.27 என்று அடித்தாள். ரங்கநாயகியும் 0.27 என்று அடித்தாள். சிவப்பு விளக்கு எரியவில்லை. ஊருக்கு ஒரு நல்லது செய்துவிட்ட சந்தோஷத்தில் செல்வி அன்று ஹாஸ்டல் குழம்பைக் குறை சொல்லாமல் சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் மாதம் மாதா திருவிழாவுக்கு அவள் ஊருக்கு வந்தபோது கரை போட்டு முடிந்திருந்தது. நம்பவே முடியவில்லை. கெபியிலிருந்து அளம் வரைக்கும் செம்மண் கொட்டி, ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்துக்கு நேர்க்கோடாகக் கிடந்தது. புதுச் செருப்போடு, பாதத்தில் ஈரம் படாமல் அவள் அதில் நடந்தாள். அப்பா அற்புதராஜ் பின்னாலேயே வந்தார்.

அற்புதராஜ் அளத்தில் வரப்பு போடுகிறவர். உப்புப் பாத்திகளுக்குக் களிமண்ணை மிதித்து அவர் போடுகிற வரப்பு மழையில் ஒரு விரற்கடை கரையாது என்பார்கள். பேச்சு குறைவு. மகள் மெட்ராஸில் மிஷினில் வேலை பார்ப்பது அவருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பூசை மாதிரி. அதைப் பற்றிச் சத்தமாகப் பேச மாட்டார், ஆனால் நினைக்காமல் ஒரு நாள் போகாது.

கரையின் நடுவில் ஓரிடத்தில் அவர் நின்றார். வலது காலால் மெதுவாக ஒரு மிதி மிதித்துப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"ஏம்மா, உங்க மிஷினு தப்பு பண்ணுமா?"

அப்பா தன் வேலையைப் பற்றிக் கேட்டதே அதுதான் முதல் தடவை. செல்விக்குத் தலைகால் புரியவில்லை.

"மிஷினு எப்படிப்பா தப்பு பண்ணும்? ஒருத்தி அடிச்சத இன்னொருத்தி அடிச்சு சரி பார்த்துதான் உள்ள அனுப்புவோம். எழுதிக் குடுக்கறவங்கதான் தப்பு பண்ணுவாங்க. அளக்கறவன் தூங்கி வழிஞ்சிகினே அளப்பான். அதயும் நாங்கதான் சரி பண்ணணும்."

"அப்படியா" என்றார் அற்புதராஜ்.

தன் வலது உள்ளங்கையை ஒரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு வேட்டியில் துடைத்துக்கொண்டார். செல்வி அதைப் பார்த்தாள். கையில் மண் ஒட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வருஷம் கார்த்திகை மழை வெளுத்து வாங்கியது. பிரம்மதேசம் பக்கத்து ஏரிகளெல்லாம் நிரம்பி வழிந்து, அந்தத் தண்ணீர் அத்தனையும் கழிக்குள் இறங்கியது. அப்பா இறந்துவிட்டார், உடனே வா என்று மட்டும் தந்தி சொன்னது. திண்டிவனத்தில் பஸ் மாறி, பாதி வழியில் சாலை முழுகிக் கிடக்க, செல்வி ஒரு லாரியில் ஏறி வந்து சேர்ந்தாள். அதற்குள் பெட்டியில் வைத்திருந்தார்கள். முகம் ஊதியிருந்தது. அப்பா என்று சொன்னால்தான் அப்பா. அவள் முகத்தைப் பார்க்காமல் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கை மட்டும் மாறவில்லை.

கரை உடைந்து போயிருந்தது. அன்று பகலில் தண்ணீர் ஏற ஏற, அளத்துக்காரர்கள் மணல் மூட்டை தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அற்புதராஜும் ஓடினார். நடுவில் ஓரிடத்தில் கரை சத்தமில்லாமல் உள்ளே இறங்கியது. அவர் அதோடு இறங்கிவிட்டார். வெள்ளம் வடிந்த பிறகு வேலிகாத்தான் புதரில் கிடைத்தார்.

கல்லறையில் மண் தள்ளி முடித்து எல்லோரும் கலைந்த பிறகு, பச்சமுத்து அவள் பக்கத்தில் வந்து நின்றான். அப்பாவோடு அளத்தில் வேலை செய்கிறவன், தோணியும் ஓட்டுவான். உடைப்பில் அவனும்தான் விழுந்தான். மூட்டையைக் கட்டிய கயிறு கையில் சிக்கியதால் பிழைத்தான். அந்தக் கயிற்றுத் தழும்பைத் தடவிக்கொண்டே பேசினான்.

"அந்தப் பள்ளத்துலதான் செல்வி, அண்ணன் போனாரு."

"எந்தப் பள்ளம்?"

"நீ மெட்ராஸ் போனப்புறம் ஒரு வருஷம் மழயே இல்லாம கழி காஞ்சிப் போச்சு இல்ல? அப்ப வரப்புக்கு நல்ல களிமண்ணு வேணும்னு அண்ணனும் நானும் இன்னும் நாலு பேருமா கெபிக்கு நேரா அங்கதான் வெட்டுனோம். ஏணி வச்சு எறங்குற ஆழம். அப்புறம் தண்ணி வந்து மூடிக்கிச்சு. மேல பாத்தா ஒண்ணும் தெரியாது. நாங்கெல்லாம் சுத்திகினு போவோம்."

"அளக்க வந்தப்போ இத சொல்லலியா?"

"சொல்லுறதென்ன? கம்பு போட்டதே அண்ணன்தான! நான் தோணி புடிச்சேன், சர்வேயர் சிவஞானம் ஐயா எழுதுனாரு, அண்ணன் கம்ப விட்டு அளவு கூப்பிட்டாரு." பச்சமுத்துவுக்குச் சொல்லும்போதே ஒரு சின்னப் பெருமை வந்தது. "கம்ப அழுத்தக் கூடாதுன்னுவாரு. அழுத்துனா சேத்துல எறங்கிடும், தூக்கிப் புடிச்சா தண்ணில நிக்கும். அதுவா போயி தரையில ஒக்காரணும், கைக்கு அது தெரியணும்னுவாரு. கண்ண மூடிகினுதான் போடுவாரு. அந்தப் பள்ளத்துல மட்டும் மூணு தடவ போட்டாரு. ஒரு தடவ போதும் பெரியவரேன்னு சர்வேயரு சொல்றாரு, இவரு கேக்கல. இது மெட்ராஸுக்குப் போவுது, எங்க செல்வி மாதிரி பொண்ணுங்க பாக்கும், தப்பா இருக்கக் கூடாதுன்னாரு. ரெண்டு எழுவது, ரெண்டு எழுவது, ரெண்டு எழுவது. எனக்கு இன்னும் காதுல கேக்குது."

அவன் சொல்லிக்கொண்டே போனான். செல்வி புது மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு புள்ளியை இடம் மாற்றியது ஞாபகம் வந்தது. அதற்கு எவ்வளவு நேரம் ஆனது? ரங்கநாயகியிடம் சிரித்துப் பேசிய நேரம்தான். அவளுக்கு அழுகைகூட வரவில்லை. அழுவதற்கும் ஒரு யோக்கியதை வேண்டும் போலிருந்தது.

ஊரில் வேறு பேச்சு எழுந்தது. கரை ஏன் உடைந்தது என்று கேட்க அரசாங்க ஆட்கள் வந்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் தாளில் அந்த இடத்தில் முழங்காலுக்கும் கீழே என்றல்லவா இருக்கிறது? அப்படியானால் அளவு கூப்பிட்டவன் தப்பாகக் கூப்பிட்டிருக்கிறான். தானே வெட்டிய பள்ளத்தைத் தானே மறந்தானா? ஒருவேளை தண்ணியடித்துவிட்டுத் தோணியில் ஏறினானோ? வாழ்நாளில் சாராயத்தைத் தொடாத மனிதனைப் பற்றி டீக்கடையில் இப்படிப் பேசினார்கள். கரை போனதால் அவர்களுக்கெல்லாம் மறுபடி தண்ணீரில் இறங்குகிற பிழைப்பு, அந்தக் கோபத்தை யார் மேலாவது இறக்கி வைக்க வேண்டுமே. கோயில் வாசலில் ஜோசப்பினைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். நிறுத்துவதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

விசாரணை பங்குப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. மெட்ராஸிலிருந்து பெரிய என்ஜினீயர் வந்திருந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். வந்ததும் முதலில் ஜோசப்பினைப் பார்த்துக் கும்பிட்டார். மேஜை மேல் கம்ப்யூட்டர் அச்சடித்துக் கொடுத்த, பச்சைக்கோடு போட்ட நீளக் காகிதம் மடிப்பு மடிப்பாகக் கிடந்தது. சர்வேயர் சிவஞானம் ஒரு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"அவர் கூப்பிட்டத நான் எழுதினேன் சார். தோணியிலேயே, நேரா ஆபீஸ் தாள்லேயே எழுதிட்டேன். ரெண்டாவது தடவை காப்பி பண்ணினா தப்பு வந்துடும்னு" என்றார் சிவஞானம்.

"இந்த இடத்துல என்ன கூப்பிட்டார்?"

"அத்தனை எண்ணும் எப்படி சார் ஞாபகம் இருக்கும்? தாள்ல என்ன இருக்கோ அதுதான்."

"அந்தத் தாள் இப்ப இல்ல. வேலை முடிஞ்ச தாளையெல்லாம் கழிச்சிட்டாங்க" என்று என்ஜினீயர் பேனாவைத் திறந்தார்.

செல்வி எழுந்து நின்றாள். எழுந்துவிடுவோம் என்று அவளுக்கே அதுவரை தெரியாது. வேலை போகும், ரங்கநாயகியின் வேலையும் போகும், சூப்பர்வைசர் அம்மாளின் முகம், எல்லாம் ஒரு நொடி வந்து போயின. அப்பாவின் பெயர் அந்தப் பேனாவின் முனையில் இருந்தது. அதற்கு முன்னால் மற்றதெல்லாம் நிற்கவில்லை.

"சார், தாள்ல ரெண்டு புள்ளி ஏழு பூஜ்யம்னுதான் இருந்துச்சு. அந்தத் தாளையெல்லாம் மிஷின்ல நான்தான் சார் அடிச்சேன். எங்கப்பா சரியா அளந்தாரு. சர்வேயர் ஐயா சரியா எழுதினாரு. நான்தான் தப்புன்னு நெனச்சு மாத்திட்டேன்."

என்ஜினீயர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, இரக்கம்தான் இருந்தது.

"நீங்க அவர் பொண்ணா?"

"ஆமா சார்."

"உட்காருங்கம்மா."

"நெசமா சார். நான் மாத்தினேன்."

"அங்க ஒருத்தர் அடிச்சத இன்னொருத்தர் சரிபார்ப்பாங்களே?"

"அவகிட்டயும் நான்தான் சொன்னேன் சார். எங்க ஊரு, எனக்குத் தெரியும்னு சொன்னேன்."

"ரெண்டு பேரும் சேர்ந்து, தாள்ல இருக்கறதை விட்டுட்டு, சொந்தமா ஓர் எண்ணைப் போட்டீங்க. அதுவும் உங்கப்பாவே அளந்த எண்ணை." அவர் மெல்லச் சொன்னார். "எனக்கும் பொண்ணு இருக்கும்மா. உங்க மனசு புரியுது. ஆனா இறந்துபோனவர் மேல நாங்க எந்த நடவடிக்கையும் எடுக்கப் போறதில்ல. நீங்க இப்படிச் சொல்லி உங்க வேலையைக் கெடுத்துக்காதீங்க."

செல்வி சிவஞானத்தைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சமுத்து எழுந்து, "ரெண்டு எழுவதுன்னுதான் சார் அண்ணன் கூப்பிட்டாரு, மூணு தடவ கூப்பிட்டாரு" என்றான். அவன் சிநேகிதனுக்காகப் பேசுகிறான் என்று எல்லோருக்கும் தெரியும். என்ஜினீயர் தலையை அசைத்துவிட்டு எழுதினார். அளவு கூப்பிட்டதில் நேர்ந்த பிழை.

வெளியே வந்தபோது பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். டீக்கடைப் பேச்சு அந்த நிமிஷமே திசை மாறிவிட்டது. "அப்பன் மேல என்னா பாசம் பாரு, பழிய தன் தலையில தூக்கிப் போட்டுக்குது" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். பங்குச் சாமியார் அவள் தலையில் கை வைத்தார். பாவசங்கீர்த்தனத்தில் பொய்யைப் பாவம் என்று சொல்கிறவர், இந்தப் பொய்யை மட்டும் ஆண்டவரே மன்னிப்பார் என்கிற மாதிரி வைத்தார். அவள் உண்மையைச் சொன்னாள். ஊரே அதைக் கையில் வாங்கி, தப்பென்று முடிவு செய்து, தங்களுக்குச் சரியென்று பட்டதை எழுதிக்கொண்டது. அன்றைக்கு மெட்ராஸில் அவள் செய்ததும் இதுதான்.

வீட்டில் ஜோசப்பின் விளக்கேற்றாமல் உட்கார்ந்திருந்தாள். செல்வி அம்மாவின் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"நான் சொன்னது நெசம்மா."

"தெரியும்" என்றாள் ஜோசப்பின்.

செல்வி நிமிர்ந்தாள்.

"உங்கப்பா அளவு தப்பாது. அப்ப எங்கியோ தப்பு நடந்திருக்கணும் இல்ல? அது நீயா இருக்கும்னு நெனக்கல. நீ எழுந்து நின்னதும் தெரிஞ்சிடுச்சி. பொய் சொல்லும்போது ஒனக்குக் கண்ணு அடிச்சிக்கும். அடிச்சிக்கல."

கூரையிலிருந்து மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது. செல்விக்கு அம்மா தன்னை அடித்தால் தேவலை என்றிருந்தது. ஜோசப்பின் அடிக்கவில்லை. சுவரோரம் சாத்தியிருந்த மூங்கில் கம்பைக் காட்டினாள். அதன் அடியில் வட்டமாக ஒரு பலகைத் தட்டு. மேலே வரிவரியாக அளவுக் குறிகள்.

"அளந்து முடிச்சதும் அந்தக் கம்ப சர்வேயர்கிட்ட கேட்டு வாங்கியாந்தாரு. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டுவாரு. இத வச்சி அளந்ததுதான் மெட்ராஸ் போயிருக்குதுன்னுவாரு. ஒரு நாளு கன்ட்ராக்டர் ஆளுங்க மண்ணு கொட்ட வந்தானுங்க. இவரு ஓடிப் போயி, இங்க பள்ளம் இருக்குது, கட்ட அடிக்காம கொட்டாதீங்கன்னு நின்னாரு. அவன் காயிதத்த எடுத்துக் காட்டுனான். மெட்ராஸ் கம்ப்யூட்டர் கணக்கு பெரியவரே, முழங்கால் தண்ணிதான்னான். எந்த ஆபீஸ்னு கேட்டிருக்காரு. அவன் பேர சொன்னான்."

ஜோசப்பின் மூக்கை உறிஞ்சினாள்.

"ஒன் ஆபீஸ் பேரு. அதோட வாய மூடிகினு வந்துட்டாரு. சோறு துன்னல. என்னா ஆச்சுன்னு கேட்டா, எனக்கு வயசாயிடுச்சி ஜோசப்பின்னாரு. பள்ளம் எப்பவோ தூந்திருக்கும், கம்பு சேத்துல எறங்குனது தெரியாம கூப்பிட்டுட்டேன், கைக்கு அறிவு போயிடுச்சின்னாரு. செல்வி ஆபீஸ்ல சரியா வந்திருக்குது, அவங்க தப்பு பண்ண மாட்டாங்கன்னாரு. அதுக்கப்புறம் அந்தக் கம்ப அவரு தொடல. இதல்லாம் செல்விகிட்ட சொல்லாத, அப்பன் தப்பா அளந்தான்னு தெரிஞ்சா ஆபீஸ்ல அவளுக்குக் கேவலம்னாரு."

"திருவிழாவுக்கு வந்தப்ப எங்கிட்ட கேட்டாரும்மா" என்றாள் செல்வி. "மிஷினு தப்பு பண்ணுமான்னு கேட்டாரு."

"நீ என்னா சொன்ன?"

செல்வி சுவரோரம் இருந்த கம்பைப் பார்த்தாள். ஜோசப்பின் மகளின் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் செல்விக்கு அழுகை வந்தது. அப்பாவின் கை சரியாகத்தான் இருந்தது. வேட்டியில் அவர் துடைத்த அந்தக் கை கடைசி வரைக்கும் சரியாகத்தான் இருந்தது. உலகத்தில் யார் சொன்னாலும் அவர் அதை நம்பியிருக்க மாட்டார், அவள் ஒருத்தி சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்.